கேளுங்க சொல்றேன்: கையில கலர் ஒட்டட்டும், விடுங்க

லீவு விட்டாச்சு இல்லையா, இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். சின்னப் பசங்களைக் கூப்பிட்டு வீட்லயே ஓவிய வகுப்பு மாதிரி ஒண்ணு வைக்கணும், எப்படிப் பண்றதுன்னு. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு பக்கத்துல இருந்தும் நிறைய பேர் எழுதியிருக்கீங்க, அதனால இந்தத் தடவை பூராவும் அதுக்கே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, நாங்க கிருஷ்ணகிரி பழையபேட்டைல இருக்கோம். பொண்ணுக்கு 5 வயசு. தெருவுல அதே வயசுப் பசங்க நிறைய, எல்லாரும் நாள் பூரா போனும் கையுமா இருக்காங்க. வாரத்துக்கு ஒரு நாள் எங்க வீட்ல வச்சு படம் வரையச் சொல்லித் தரலாம்னு ஆசை. ஆனா எனக்கே வரையத் தெரியாது, ஹாலும் சின்னது. என்னென்ன வாங்கணும், எத்தனை பேரைக் கூப்பிடலாம்?

பதில்: தங்கச்சி, உனக்கு வரையத் தெரியாதுங்கறது ஒரு குறையே இல்ல. நல்லா வரையத் தெரிஞ்சவங்க பண்ற முதல் வேலை என்னன்னா குழந்தை கையில இருக்கற பிரஷ்ஷை வாங்கி "இப்படிப் போடு கண்ணு"ன்னு ஒரு மயில் போட்டுக் காட்டிடுவாங்க, அதுக்கப்புறம் அந்தக் குழந்தை தன் இஷ்டத்துக்கு ஒரு கோடு போடாது, உங்க மயிலைப் பார்த்துப் பார்த்து அழிச்சுக்கிட்டே உக்காந்திருக்கும். 4 வயசுல இருந்து 7 வயசு வரைக்கும் இருக்கற பசங்களுக்கு நீ சொல்லித் தர வேண்டியது ரொம்பக் கொஞ்சம், சாமானை எடுத்து வச்சு, இடம் குடுத்து, பக்கத்துல உக்காந்து பார்த்தா போதும். நான் இந்தப் பக்கம் பூரா இதைத்தான் சொல்லப் போறேன், முதல்லயே சொல்லிடறேன்.

ஆளுங்க கணக்கு. பெரியவங்க ரெண்டு பேர் இருந்தா 8 குழந்தை, நீ ஒருத்தி மட்டும்னா 4 போதும். ஒருத்தர் பசங்ககிட்டயே இருக்கணும், இன்னொருத்தர் கை கழுவ விடறது, பாத்ரூம் கூட்டிட்டுப் போறது, அழற குழந்தையைத் தூக்கறதுன்னு ஓடிக்கிட்டே இருக்கணும். பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தரைக் கட்டாயம் பிடிச்சு வச்சுக்கோ.

நேரம் காலையில 10 மணிக்கு ஆரம்பிச்சு பதினொன்றரைக்கு முடிச்சிடு. மே மாச வெயில் நம்ம ஊர்ல எப்படின்னு உனக்கே தெரியும், பாறை சூடேறிச்சுன்னா சாயந்திரம் வரைக்கும் வீடு கொதிக்கும். ஃபேனைப் போட்டா பேப்பர் பறக்கும், போடாட்டி பசங்க வேர்த்துப் போயிடுவாங்க, அதனால முன்னாடி வராண்டாவோ நிழல் விழற வாசலோ இருந்தா ஹாலை விட அதுதான் நல்லது. இன்னொண்ணு, ஒகேனக்கல் தண்ணி வர்ற நாளாப் பார்த்து வை, 8 பசங்க கை கால் கழுவ எவ்ளோ தண்ணி ஆகும்னு முதல் நாள்தான் தெரியும்.

தரைக்கு நியூஸ்பேப்பர் போடாத, ஈரம் பட்டதும் கிழிஞ்சு கால்ல ஒட்டிக்கும். தெரிஞ்சவங்ககிட்ட பழைய ஃப்ளெக்ஸ் பேனர் இருந்தா கேட்டு வாங்கிக்கோ, கல்யாணம் காதுகுத்து முடிஞ்சதும் எல்லார் வீட்லயும் சுருட்டி பரண்ல கிடக்குது. வெள்ளைப் பக்கம் மேல வர்ற மாதிரி விரிச்சுட்டா முடிஞ்சதும் தண்ணி ஊத்தித் துடைச்சிடலாம். ஈரமானா வழுக்கும், அதனால இறங்கி வர்ற ஓரத்துல ஒரு சாக்கு போட்டு வை. அப்பாவோட பழைய சட்டையை முன்பக்கம் பின்னாடி வர மாட்டி விட்டா அதுதான் ஏப்ரன், தனியா வாங்க வேண்டாம்.

வாங்க வேண்டியது: போஸ்டர் கலர்ல சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, இந்த நாலு மட்டும். 24 கலர் பாக்ஸ் வேண்டவே வேண்டாம், அதுல பச்சை ரெடியா இருக்கும், அப்புறம் குழந்தை பச்சையைக் கண்டுபிடிக்கறது எப்போ? டப்பா மேல நச்சு இல்லாததுன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்கு, பேரே இல்லாம கலர் கலரா கவர்ல போட்டு விக்கறது வேண்டாம். பிரஷ் தடிமனா, 10, 12 நம்பர் தட்டை பிரஷ், சின்ன விரலுக்கு மெல்லிசு பிரஷ் பிடிக்க வராது. சார்ட் பேப்பரை நாலா வெட்டினா ஒரு துண்டு நல்ல சைஸ், ஒரு குழந்தைக்கு மூணு துண்டுன்னு வச்சா 8 பேருக்கு 6 சார்ட் ஆகுது, கூட ரெண்டு வாங்கி வை. தீர்ந்துட்டா பழைய மாச காலண்டரோட பின்பக்கம் இருக்கவே இருக்கு. கலர் ஊத்த ஓட்டை இல்லாத இட்லித் தட்டு, ஒரு குழியில ஒரு கலர். தண்ணிக்கு பிளாஸ்டிக் டம்ளர் வச்சா பத்து நிமிஷத்துல கவிழ்ந்திடும், டபரா வை, அடி அகலம், சாயாது.

முதல் நாள் மஞ்சளும் நீலமும் மட்டும் குடு. ரெண்டே ரெண்டு. "இதைக் கலந்தா என்ன வரும் தெரியுமா"ன்னு வாயைத் திறந்து சொல்லிடாத. யாரோ ஒரு குழந்தை நீலம் தொட்ட பிரஷ்ஷைக் கழுவாம மஞ்சள்ல வச்சிடும், வச்சதும் ஒரு நிமிஷம் கை அப்படியே நிக்கும், திரும்ப வச்சுப் பார்க்கும், அப்புறம் "ஐய்ய பச்சை!"ன்னு ஒரு சத்தம் வரும் பாரு, மத்த ஏழு பேரும் எந்திரிச்சு ஓடி வருவாங்க. அதுக்கு மேல அன்னைக்கு நீ ஒண்ணும் சொல்லித் தர வேண்டியதில்ல, மிச்ச நேரம் பூரா அவங்களே பச்சை பச்சையா செஞ்சுக்கிட்டிருப்பாங்க, இளம்பச்சை, கரும்பச்சை, சேத்துப் பச்சைன்னு. அடுத்த வாரம் சிவப்பும் மஞ்சளும். மூணாவது வாரம் வெள்ளையைச் சேர்த்துக்கோ. எல்லா கலரையும் ஒண்ணாக் குழப்பி சாக்கடைக் கலர் வந்தாலும் திட்டாத, அதையும் ஒரு தடவை பார்த்தாதான் அடுத்த தடவை எங்க நிறுத்தணும்னு கை கத்துக்கும்.

ஒரே வேலையை ஒண்ணரை மணி நேரம் இந்த வயசு தாங்காது. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்து. கலருக்கு அப்புறம் வெண்டைக்காய் அச்சு வச்சுக்கலாம். வெண்டைக்காயைக் குறுக்கா வெட்டி கலர்ல தொட்டு வச்சா பூ மாதிரி விழும். சின்னதுங்க முதல்ல வச்சு இழுத்துடும், பூ கலைஞ்சு கோடா வரும். நாலஞ்சு தடவைக்கு அப்புறம் நேரா வச்சு நேரா தூக்கணும்னு தானா புரிஞ்சுக்கும், நாக்கை வெளிய நீட்டிக்கிட்டு அப்படி ஒரு கவனத்தோட தூக்கும். வாழை மட்டையைக் குறுக்கா வெட்டினா தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமா விழும், ரொம்ப அழகு, ஆனா வாழைக் கறை துணியில பட்டா போகாது, அதை நீயே முதல் நாள் வெட்டித் துடைச்சு வச்சிடு. அரச இலையோ தேக்கு இலையோ இருந்தா நரம்பு மேல வர்ற மாதிரி வச்சு, மேல பேப்பர் போட்டு, கிரேயானைப் படுக்க வச்சுத் தேய்க்கச் சொல்லு, இலை அப்படியே எழும்பி வரும்.

இப்ப நான் கண்டிப்பாச் சொல்ல வேண்டியது. நம்ம ஊர் வீடுங்கள்ல வாசல்லயே சம்ப் இருக்கும். பசங்க வர்றதுக்கு முன்னாடி சம்ப் மூடியைப் பூட்டு, பூட்டு இல்லாட்டி மேல பாரமா எதையாவது தூக்கி வை. பாத்ரூம்ல ரொம்பி நிக்கற பக்கெட், அண்டா எல்லாத்தையும் கவுத்துடு. மொட்டை மாடிக் கதவுக்குத் தாப்பாள், கேட்டுக்குத் தாப்பாள். அம்மா அப்பா போன் நம்பர் எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டு. எந்தக் குழந்தைக்கு எது ஒத்துக்காதுன்னு கேட்டு வச்சுக்கோ. திங்க குடுக்கறதுல முழு நிலக்கடலை வேண்டாம், சின்னக் குழந்தைக்குத் தொண்டையில மாட்டிக்கும், வாழைப்பழமோ மாம்பழத் துண்டோ போதும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறதுக்கு முன்னாடி அந்தந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளு, வேண்டாம்னா போடாத. படத்தை வேணா போட்டோ எடு, குழந்தை முகம் எதுக்கு?

கேள்வி: மேடம், என் பையனுக்கு மூணரை வயசு. தர்மபுரில பக்கத்து வீட்ல நடக்கற டிராயிங் கிளாஸுக்கு அனுப்பறேன். மத்த பசங்க வீடு, மலை, சூரியன் எல்லாம் போடறாங்க, இவன் சுத்திச் சுத்தி கிறுக்கிட்டு மட்டும் வரான். "இது என்னடா"ன்னா ஒரு நாள் பஸ்ங்கறான் ஒரு நாள் பாட்டிங்கறான். இவனுக்கு வராதோ?

பதில்: வருதுங்க, நல்லாவே வருது. ரெண்டு வயசுல கை போன போக்குல கிறுக்கும், மூணு வயசை ஒட்டி சுத்த ஆரம்பிக்கும், ஒரு நாள் அந்தச் சுத்தல் ஆரம்பிச்ச இடத்துலயே வந்து மூடும், வட்டம். அந்த வட்டத்துக்குள்ள ரெண்டு புள்ளி, கீழ ரெண்டு கோடு, இதான் 4 வயசு மனுஷன், தலையில இருந்தே கால் முளைச்சிருக்கும், உடம்பே இருக்காது. உலகத்துல எந்த ஊர்க் குழந்தையா இருந்தாலும் பெரும்பாலும் இந்த வழியாத்தான் வருது. அஞ்சு ஆறு வயசுல கீழ ஒரு கோடு தரைன்னும் மேல ஒரு பட்டை வானம்னும் வந்துடும், நடுவுல இருக்கறது வெறும் காத்து. ஆறு மாசம் முந்தியும் ஆகலாம் பிந்தியும் ஆகலாம்.

பையன் ஒரே கிறுக்கலை பஸ்ங்கறான் பாட்டிங்கறான் பாருங்க, அது பொய் இல்ல. போட்ட கோட்டுக்குப் பேர் வைக்கறான், கோடு இன்னொரு பொருளைக் குறிக்கும்னு அவனுக்குப் புரிஞ்சிடுச்சு, அது பெரிய படி. நீங்க "இது பஸ் மாதிரியே இல்லையே"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. "இது என்ன"ங்கறதுக்குப் பதிலா "இதைப் பத்தி எங்கிட்ட சொல்லு"ன்னு கேளுங்க. இல்லாட்டி கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லுங்க, "இங்க ரொம்ப அழுத்திப் போட்டிருக்க", "இந்த மூலையில பூரா நீலமா இருக்கே". சும்மா சும்மா "சூப்பர் சூப்பர்"னா அவன் உங்க மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைவான்.

அந்த கிளாஸ்ல எல்லாப் பசங்களும் ரெண்டு முக்கோண மலை, நடுவுல அரை சூரியன், ஒரு தென்னை மரம், இங்கிலீஷ் எம் எழுத்து மாதிரி ரெண்டு காக்கான்னு ஒரே படத்தைப் போட்டுட்டு வந்தா, அது அந்த டீச்சர் படம், பசங்க படம் இல்ல. தர்மபுரிப் பசங்க நல்லம்பள்ளிப் பக்கம் போனாலே மலை தெரியுதே, எந்த மலையாவது அப்படி முக்கோணமா இருக்குதா? மொட்டையா, பாறை பாறையா, மேல ஒரு கல்லு தனியா உக்காந்துகிட்டுல்ல இருக்கு. ஜன்னல் பக்கம் உக்கார வச்சு அதைப் பார்க்கச் சொன்னா போதும்.

கேள்வி: காவேரிப்பட்டணத்துல இருந்து எழுதறேன் அக்கா. கடைக் கலர் எல்லாம் கெமிக்கல்னு என் மாமியார் பயப்படறாங்க. வீட்ல இருக்கற சாமான்ல கலர் பண்ண முடியுமா?

பதில்: முடியும், அதுலயே ஒரு நாள் வகுப்பை ஓட்டிடலாம். உங்க மாமியாரையே கூட உக்கார வைங்க, இது அவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான்.

ஆரத்தி கரைக்கறப்போ மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு விட்டா ரத்தச் சிவப்பா மாறுதுல்ல, அதைத்தான் பேப்பர்ல பண்ணப் போறோம். ஆனா சுண்ணாம்பைப் பசங்க கையில குடுக்கவே கூடாது, தோல் வெந்துடும், கண்ணுல பட்டா ஆபத்து. அதுக்குப் பதில் ஆப்ப சோடா. மஞ்சத்தூளைத் தண்ணியில கரைச்சு பேப்பர் பூரா பூசிக் காய வச்சிடுங்க, இதை முதல் நாள் ராத்திரியே செஞ்சிடலாம். காலையில அரை டம்ளர் தண்ணியில ஒரு ஸ்பூன் சோடா கலந்து, காது குடையற பட்ஸ் ஒண்ணு குடுத்து, வரையச் சொல்லுங்க. பசங்களுக்கு அது வெறும் தண்ணி. மஞ்சப் பேப்பர் மேல தண்ணி போற வழியெல்லாம் செங்காவிக் கோடா வர்றதைப் பார்த்துட்டு பட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாங்க, கலர் எங்க ஒளிஞ்சிருக்குன்னு. அப்புறம் எலுமிச்சம் சாறு ஒரு சொட்டு, அந்தக் கோடு திரும்ப மஞ்சளாயிடும். மஞ்சள்ல இருக்கற சத்து காரம் பட்டா சிவக்கும், புளிப்பு பட்டா பழையபடி ஆயிடும், அவ்ளோதான் விஷயம். எலுமிச்சம் சாறு கண்ணுல படாம மட்டும் பார்த்துக்கோங்க.

சங்குப்பூவைச் சுடுதண்ணியில போட்டா நீலம், அதுல எலுமிச்சை விட்டா ஊதா, இன்னும் விட்டா ரோஸ். செம்பருத்தி இதழை அப்படியே பேப்பர்ல தேய்க்கலாம், சிவப்புப் பூவுல இருந்து ஊதாக் கலர் வரும், பசங்க நம்பவே மாட்டாங்க. பீட்ரூட் சாறு முதல்ல பளிச்சுனு இருக்கும், அப்புறம் பழுப்பாயிடும். காபி டிகாஷன் நல்லா நிக்கும். மஞ்சள் வெயில்ல வெளுத்துப் போகும், அதனால அந்தப் படங்களை வெயில் படற சுவத்துல மாட்டாதீங்க.

கடையில கிடைக்கற குங்குமம், ஹோலிப் பொடி, கலர் கோலப்பொடி இதெல்லாம் வீட்டுச் சாமான்னு நினைச்சு எடுத்துடாதீங்க. அதுல என்ன சாயம் கலந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது, தூள் வேற மூக்குல ஏறும். கடைக் கலர்ல நல்ல கம்பெனி போஸ்டர் கலருக்கு நான் பயப்பட மாட்டேன், இந்தப் பொடிக்குத்தான் பயப்படுவேன்.

களிமண்ணும் நல்லதுதான். மண் பானை செய்யறவங்ககிட்ட கேட்டா சலிச்ச மண்ணு ஒரு உருண்டை குடுப்பாங்க, ஏரி மண்ணுன்னா கண்ணாடி, முள்ளு இருக்கான்னு நீங்க பிசைஞ்சு பார்த்துட்டுத்தான் குடுக்கணும். செஞ்சதை வெயில்ல வைக்காம நிழல்ல காய விடுங்க, இல்லாட்டி வெடிச்சிடும். கை கழுவறது பக்கெட்ல, அந்தத் தண்ணி செடிக்கு. சிங்க்ல கழுவினா ஒரே வாரத்துல பைப் அடைச்சுக்கும்.

கேள்வி: நான் ரிட்டையர்ட் வாத்தியார், ஊர் பர்கூர் பக்கம். பேரப் பசங்களும் அவங்க சிநேகிதப் பசங்களும் பெங்களூர்ல இருந்து லீவுக்கு வராங்க. கார்ட்டூன் பொம்மையைத் தவிர வேற வரையத் தெரியல. நம்ம ஊர் விஷயம் எதையாவது வச்சு செய்ய வைக்க முடியுமாம்மா?

பதில்: ஐயா, நீங்க இருக்கற இடத்துக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததே எனக்கு ரொம்ப சந்தோஷம். உங்களுக்குப் பக்கத்துலதான் மல்லப்பாடி. அங்க பாறையில வெள்ளைக் கலர்ல, குதிரை மேல உக்காந்து ரெண்டு பேர் சண்டை போடற மாதிரி படம் இருக்கு, தமிழ்நாட்டுப் பாறை ஓவியம்னு பேச ஆரம்பிச்சாலே அந்த ஊர் பேர் வரும். 2022ல சட்டசபையிலயே பேசினாங்களே, 4200 வருஷத்துக்கு முந்தின இரும்பு கிடைச்சிருக்குன்னு, அந்த மயிலாடும்பாறையும் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம்தான், அங்கயும் பாறை ஓவியம் இருக்கு.

பசங்ககிட்ட முதல்ல கதையாச் சொல்லுங்க, பேப்பர் கிடையாது, பென்சில் கிடையாது, மழைக்கு ஒதுங்கின பாறைக்கு அடியில உக்காந்து ஒருத்தர் விரலால போட்டதுன்னு. அப்புறம் மளிகைக் கடை காக்கிக் கவரைக் கிழிச்சு, நல்லாக் கசக்கி, திரும்ப விரிச்சுக் குடுங்க, அதுதான் பாறை. வெள்ளைப் போஸ்டர் கலரோ சாக்பீஸ் தூள் குழைச்சதோ ஒரு மூடியில. பிரஷ் கிடையாது, விரல் மட்டும். "நீங்க பார்த்த ஒரு விஷயத்தை, 4000 வருஷம் கழிச்சு வர்ற ஒருத்தருக்குச் சொல்லணும், என்ன போடுவீங்க"ன்னு கேட்டுட்டு நீங்க கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கோங்க. ஒருத்தன் பெங்களூர் டிராபிக் போடுவான், போடட்டும். பென்சில் இல்லாததால அழிக்க முடியாது, விரல் தடிமன்ல நுணுக்கம் வராது, அதனாலயே "எனக்கு வராது"ங்கற பேச்சு நின்னுடும், பெரிய பசங்களும் நல்லாப் போடுவாங்க. நேர்ல கூட்டிட்டுப் போனா பாறையைத் தொடக்கூடாது, தண்ணி தெளிக்கக்கூடாது, பேர் எழுதறது மகா பாவம்னு கிளம்பறப்பவே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. தர்மபுரிக்குப் போற வேலை இருந்தா அங்க அகழ்வைப்பகத்துல, அதான் பழம்பொருள் மியூசியத்துல, நடுகல்லு வச்சிருக்காங்க, கையில வில்லும் கத்தியுமா நிக்கற வீரனை அப்படியே பார்த்து வரையலாம்.

இன்னொண்ணு. திரௌபதியம்மன் கோயில்ல பாரதம் முடியற அன்னைக்குத் துரியோதனன் படுகளம் பார்த்திருப்பாங்கல்ல, தரையில மண்ணால அவ்ளோ பெரிய உருவம் படுத்திருக்குமே. அதை ஞாபகப்படுத்தி வாசல்ல ஒரு பையனைப் படுக்க வச்சு, இன்னொருத்தன் சாக்பீஸால அவனைச் சுத்திக் கோடு போடட்டும். எந்திரிச்சதும் அந்த உருவத்துக்கு எல்லாரும் சேர்ந்து கூத்துக்காரர் மாதிரி அரிதாரம், கிரீடம், தோள்ல கட்டற புஜகட்டை எல்லாம் போடட்டும். சாக்பீஸ், செங்கல்லு, கரித்துண்டு, இது மூணே போதும். உடம்பு பூரா அசைஞ்சு வரையறது சின்னப் பசங்களுக்கு ரொம்ப நல்லது, எப்பப் பார்த்தாலும் குனிஞ்சு சின்னப் பேப்பர்ல போடறதே வேலையா இருக்கு.

மாங்கா சீசன் வேற. "மாங்கா வரை"ன்னு சொன்னா புக்குல இருக்கற மாங்கா வரும். ஒரு தட்டுல கிளிமூக்கு ஒண்ணு, நீலம் ஒண்ணு, அல்போன்சா ஒண்ணுன்னு மூணு ரக மாங்கா வச்சு, மோந்து பார்க்கச் சொல்லி, தடவிப் பார்க்கச் சொல்லி, அதுக்கப்புறம் வரையச் சொல்லுங்க. பறிச்ச உடனே இருக்கற காய்னா பால் வடியும், முகத்துல பட்டா புண்ணாயிடும், கழுவித் துடைச்சதை வைங்க.

கேள்வி: அக்கா, ஓசூர்ல அபார்ட்மெண்ட். வர்ற பசங்கள்ல ரெண்டு பேர் தெலுங்கு, ஒருத்தி கன்னடம், ஒருத்தனுக்கு ஹிந்தி மட்டும்தான். எப்படிச் சமாளிக்கறது?

பதில்: பேசறதைக் குறைச்சுக்கோங்க, செஞ்சு காட்டுங்க. பிரஷ்ஷை டபராவுல அலசறது, ஓரத்துல வழிச்சு விடறது, கை தூக்கித் தண்ணி கேக்கறது, இந்த மூணையும் நடிச்சுக் காட்டினா போதும். கலர் பேரை மட்டும் நாலு பாஷையிலயும் பசங்களே மாத்தி மாத்திச் சொல்லட்டும், ஒரு மணி நேரத்துல உங்களை விட அவங்க நல்லாக் கத்துக்குவாங்க.

கேள்வி: என் பொண்ணு இடது கையாலதான் வரையறா. பாட்டி பிரஷ்ஷைப் பிடுங்கி வலது கைக்கு மாத்தறாங்க. என்ன சொல்றது? (பென்னாகரம்)

பதில்: மாத்தக் கூடாதுங்க. எந்தக் கையில பிரஷ் வரணும்னு குழந்தையோட மூளைதான் முடிவு பண்ணுது, பழக்கத்துல வந்த தப்பு இல்ல. பிடுங்கிப் பிடுங்கிக் குடுத்தா வரையறதையே விட்டுடும். பாட்டிகிட்ட சண்டை போடாதீங்க, "சாப்பிடறதுக்கும் சாமி கும்பிடறதுக்கும் நீங்க சொல்றபடி பழக்கறேன் அத்தை, வரையறப்போ மட்டும் விட்டுடுங்க"ன்னு கேட்டுப் பாருங்க. வகுப்புல அவளுக்குத் தண்ணியும் கலரும் இடது பக்கம் வைங்க, வரிசையில இடது ஓரத்துல உக்கார வைங்க, பக்கத்துப் பையன் முழங்கை இடிக்காது.

கேள்வி: வகுப்பு முடியறப்போ நல்லா வரைஞ்சவங்களுக்கு பிரைஸ் குடுக்கலாம்னு இருக்கேன். என்ன வாங்கலாம்? (பாலக்கோடு)

பதில்: ஒண்ணும் வாங்காதீங்க, தயவு செஞ்சு. 5 வயசுக் குழந்தைங்கள்ல யார் நல்லா வரைஞ்சாங்கன்னு எதை வச்சுச் சொல்வீங்க? கோட்டைத் தாண்டாம கலர் அடிச்சதையா? மூணு பேருக்கு டிபன் பாக்ஸ் குடுத்துட்டா மீதி அஞ்சு பேர் அடுத்த வாரம் அந்த மூணு பேரைப் பார்த்துக் காப்பி அடிப்பாங்க, இல்லாட்டி வயித்து வலிம்பாங்க. ஒரு கொடி கட்டி, துணி கிளிப் போட்டு, எல்லார் படத்தையும் மாட்டுங்க. பேரும் தேதியும் பின்பக்கம் பென்சில்ல எழுதுங்க, முன்னாடி எழுதினா படம் கெட்டுடும். கூட்டிட்டுப் போக வர்ற அம்மா அப்பாவை அஞ்சு நிமிஷம் நிக்க வச்சு, குழந்தையே தன் படத்தைக் காட்டட்டும். அதுல "ஏன் சூரியன் கருப்பா இருக்கு"ன்னு கேக்கற அப்பா ஒருத்தர் வருவார், அவரை மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க.

கேள்வி: எல்லாரும் கலர் அடிக்கறப்போ ஒரு குழந்தை மட்டும் தொடவே மாட்டேங்குது அக்கா. அழுவுது. (ஊத்தங்கரை)

பதில்: விடுங்க, பக்கத்துல உக்காந்து பார்க்கட்டும். சில பசங்களுக்குக் கையில பிசுபிசுன்னு பட்டாலே தாங்காது, அது பிடிவாதம் இல்ல. ஒரு ஈரத் துணியை அது மடியிலயே குடுத்துடுங்க, ஒட்டினா உடனே துடைச்சுக்கலாம்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். பிரஷ் வேண்டாம்னா காஞ்ச சாமான் குடுங்க, கிரேயான், சாக்பீஸ், கிழிச்சு ஒட்டற கலர் பேப்பர். மத்தவங்களுக்குத் தண்ணி ஊத்தற வேலை, கிளிப் எடுத்துக் குடுக்கற வேலையைக் குடுத்துப் பாருங்க, சில குழந்தை ரெண்டு வாரம் கிளிப் மட்டும் எடுத்துக் குடுத்துட்டு மூணாவது வாரம் தானா வந்து உக்காரும். கையைப் பிடிச்சுக் கலர்ல முக்கறது மட்டும் கூடவே கூடாது, விளையாட்டுக்குக் கூட.

கேள்வி: காசு வாங்கலாமா? வாங்கினா எவ்ளோ? தெரிஞ்சவங்ககிட்ட கேக்கக் கூச்சமா இருக்கு. (அரூர்)

பதில்: வாங்கலாம், கூச்சம் வேண்டாம். முதல் வாரம் ஆன செலவை எழுதிப் பாருங்க, கலர், சார்ட், பழம், சோப்பு எல்லாம் சேர்த்து. அதை எத்தனை பசங்களோ அதால வகுத்தா சாமான் செலவு வரும், அதை மட்டும் எல்லார்கிட்டயும் வாங்கிக்கோங்க. உங்க நேரத்துக்கும் சேர்த்து வாங்கணும்னா ஒரு மாசம் நடத்திப் பார்த்துட்டு அடுத்த மாசத்துல இருந்து சொல்லுங்க, முன்னாடியே சொல்லிட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. குடுக்க முடியாத வீட்டுக் குழந்தை வந்தா கேக்காதீங்க, பழம் கொண்டு வரச் சொல்லுங்க, இல்லாட்டி அந்த அம்மாவை ஒரு நாள் கூட இருந்து பார்த்துக்கச் சொல்லுங்க, உங்களுக்கும் ரெண்டாவது ஆள் வேணும்ல. போஸ்டர் கலர் டப்பாவை முடிஞ்சதும் விளிம்பைத் துடைச்சு இறுக்கி மூடி வைங்க, இட்லித் தட்டுல மிஞ்சினதைத் திரும்ப டப்பாவுல ஊத்தாதீங்க, அது மொத்தத்தையும் கெடுத்துடும்.